பிரேக் ஆயிலுக்கும் வயதாகும்

வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களிடம் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறேன். "உங்கள் வண்டியின் பின் பிரேக்கில் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?" என்ஜின் ஆயில் மாற்றிய தேதியை எல்லோரும் சொல்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கோடு சொல்கிறவர்களும் உண்டு. பிரேக் ஆயில் என்றதும் விழிக்கிறார்கள். "அதையும் மாற்றணுமா?" என்று திருப்பிக் கேட்டவர்களே அதிகம். ஒருவர், "பிரேக்குக்கு எதுக்குங்க ஆயில்? வழுக்கிடாதா?" என்றார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர் அவர்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் காலத்து வண்டிகளில் பிரேக் என்றால் ஒரு கம்பி, அல்லது ஒரு கேபிள். மிதித்தால் கம்பி இழுக்கும், டிரம்முக்குள் லைனிங் விரிந்து பிடிக்கும். சுவேகா மொபெட்டிலிருந்து ராஜ்தூத், புல்லட் வரைக்கும் சங்கதி ஒன்றுதான். பிரேக் இறங்கிப்போனால் பின் சக்கரத்தருகே இருக்கும் நட்டை இரண்டு சுற்று முறுக்குவோம். கண்ணுக்குத் தெரிந்த கோளாறு, கைக்கு எட்டிய வைத்தியம்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆகிவிட்டது. இந்த வண்டிகளில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். விலை கொஞ்சம் கூடியவற்றில் பின் சக்கரத்திலும் டிஸ்க். கம்பி போய்விட்டது. மிதிக்கிற காலுக்கும் பிடிக்கிற பேடுக்கும் நடுவில் இருப்பது ஒரு குழாயும் அதற்குள் கொஞ்சம் திரவமும்தான். முறுக்க நட்டு இல்லை. ஆகவே கவனிக்கவும் ஒன்றும் இல்லை என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டும். பின் பிரேக்கை முன் பிரேக்குக்குச் சமமாகக் கவனிக்க வேண்டும். இரண்டையும் நம் கண் முன்னால் செய்யச் சொல்லி, தேதியை எழுதி வைக்க வேண்டும். சர்வீஸ் ரசீதில் விழும் டிக் மார்க்கை இதற்கு ஈடாக ஏற்கக் கூடாது.

கிளார்க் வேலை பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்ததில் பாதி பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது. எங்களுக்குப் பாடம் எல்லாம் பிரெஞ்சில். பௌதிக வகுப்பில் 'ப்ரென்சீப் தெ பஸ்கால்' என்று ஒரு விதி. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். பாஸ்கல் 1662-இல், 39 வயதில் இறந்தார். திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் மறு வருடம் 1663-இல்தான் அச்சாயிற்று. என் போன்ற கிளார்க்குகளுக்கு அவரிடம் தனிப் பாசம் வர ஒரு காரணம் உண்டு. ரூவான் நகரில் வரிக் கணக்குப் பார்த்த தகப்பனாரின் கூட்டல் கழித்தல் சுமையைக் குறைப்பதற்காக, இருபது வயது நிரம்பும் முன்பே கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கியவர் அவர்.

டிஸ்க் பிரேக் முழுவதும் அந்த விதியில் ஓடுகிறது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர். அதில் சின்ன பிஸ்டன். சக்கரத்தருகே காலிப்பர், அதில் பெரிய பிஸ்டன். கால் கொடுக்கும் சிறு பலம் குழாய் வழியே போய்ப் பெரும் பலமாகப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. குழாய்க்குள் திரவம் மட்டும் இருக்க வேண்டும். காற்று இருக்கக் கூடாது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். நர்ஸ் ஊசி போடும் முன் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்துச் சுண்டி, ஒரு சொட்டு வெளியே விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று போவதற்காகத்தான். வீட்டில் முறுக்கு அச்சில் மாவை இடைவெளி விட்டு அடைத்தால் பிழியும்போது 'பட்' என்று வெடித்து இழை அறுந்துபோகும். குழாயில் காற்று இருந்தால் பிரேக்கிலும் இதே கதிதான். மிதிக்கிற பலம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

காற்றைவிட மோசமான எதிரி தண்ணீர். சாதாரணமாக நம் வண்டிகளில் ஊற்றுவது டாட் 3 அல்லது டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில். இவை ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளவை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, அப்படி. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய், சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறிக்கொண்டேயிருக்கும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ஏறும். நம் ஊரோ கடற்கரை ஊர். காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ஈரம் ஏறினால் என்ன? புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். அவ்வளவு சிறிய ஈரத்துக்கு இவ்வளவு பெரிய இறக்கம். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. மலை இறக்கத்தில் டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு காலிப்பருக்கு இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கிளம்பும். ஆவியும் காற்றைப் போல அமுங்கக் கூடியது. அந்த நேரத்தில் பெடலை மிதித்தால் கீழே வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆறிய பிறகு மிதித்துப் பார்த்தால் ஓரளவு பிடிக்கும். அதனால்தான் பலருக்கு இது நோயாகவே தெரிவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் பேரன் மலைக்கும் மண்ணுக்கும் என்று செய்த உயரமான வண்டி ஒன்று வைத்திருக்கிறான். பையன்கள் அதை டர்ட் பைக் என்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு ஆரோவில் பக்கம் செம்மண் பாதைகளுக்குப் போய்விடுவான். போன வருடம் கொல்லிமலைக்குப் போனார்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வரும்போது பாதியில் பின் பிரேக் இல்லாமல் போய்விட்டது. பையன் பதறாமல் முதல் கியரில் போட்டு, முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். பிறகு பிரேக் வந்துவிட்டது. "ஆறினதும் சரியாயிடுச்சு தாத்தா" என்று இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. (என் மகள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பின் பிரேக்குக்கு ஏன் இந்த அவதி? தார் ரோட்டில் வண்டியை நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. மண்ணிலும் சரளையிலும் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கி ஆள் விழுவான். ஆகவே அங்கே பின் பிரேக்கின் மேல்தான் கால் இருக்கும். அந்த வண்டிகளில் பின் பிரேக்கின் ஆயில் கிண்ணமும் சிறியது; கொஞ்சம் ஆயில்தான் கொள்ளும். கொஞ்சம் ஆயில் சீக்கிரம் சூடேறும். போதாக்குறைக்கு, நின்றுகொண்டு ஓட்ட வசதியாக இருக்கட்டும் என்று பேரன் பெடலை உயர்த்தி வைத்திருந்தான். அதில் பெடலின் 'பிளே' போய்விட்டது. மிதிக்கும் முன் பெடல் சும்மா ஆடும் சிறு ஆட்டத்தைத்தான் மெக்கானிக்குகள் பிளே என்கிறார்கள். அது இல்லாவிட்டால், கால் எடுத்த பிறகும் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்பும் வழி திறக்காது. பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சூட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வண்டியை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். பெயர் வேண்டாம். விடும் முன் பின்பக்கக் கிண்ணத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். வெளியிலிருந்தே உள்ளே தெரியும் பிளாஸ்டிக் கிண்ணம். புது ஆயில் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். இது காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. மாலையில் வண்டி பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. ரசீதில் 22 வரிகள், ஒவ்வொன்றுக்கும் டிக். 'பிரேக் பிளீடிங்' என்ற வரிக்கும் டிக், கூலியும் போட்டிருந்தது. கிண்ணத்தைப் பார்த்தேன். காலையில் பார்த்த அதே டிகாக்ஷன்.

அங்கே இருந்த சூப்பர்வைசர் தம்பியிடம் காட்டினேன். "சார், லிஸ்ட்ல டிக் இருக்கு பாருங்க" என்றார். "தம்பி, நான் லிஸ்ட்டைக் கேக்கல, ஆயிலைக் கேக்குறேன்" என்றேன். "பிரேக் புடிக்குது இல்ல சார்?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. கூலியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தோம்.

டிக் மார்க்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க அதோடு குடித்தனம் நடத்தியவன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். வருடா வருடம் இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கும். மேசை இத்தனை, நாற்காலி இத்தனை என்று போன வருடப் பதிவேட்டைப் பார்த்து இந்த வருடப் பதிவேட்டில் எழுதி, ஓரத்தில் பச்சை மையில் டிக் அடிப்பார்கள். கால் ஒடிந்து விறகாகிப் போன நாற்காலி பதிவேட்டில் மட்டும் பல வருடம் நின்றுகொண்டிருக்கும். நாற்காலி விஷயத்தில் அதனால் யாரும் சாகவில்லை. பிரேக் அப்படிப்பட்ட பொருள் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று அந்தப் பையன்களுக்கு மேலிருந்து நெருக்கடி இருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலையை அவசரம் முதலில் கைவிடுகிறது. செய்ததற்கும் செய்யாததற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாத வேலையாக இருந்தால், இன்னும் சுலபமாகக் கைவிடுகிறது.

பிறகு எங்கள் தெரு முனையில் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம் போனோம். என் படிப்பைத் தெரிந்து என்னை "முசே" என்று கேலியாகக் கூப்பிடுகிறவர். பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தார். அவர் செய்த முறையை எழுதுகிறேன். நீங்களே செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. பக்கத்தில் நிற்கும்போது எது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

முதலில் கிண்ணத்தின் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தார். டர்ட் பைக்கில் இது முக்கியம். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் சீல் கீறிப் போகும். பெயின்ட்டின் மேல் ஈரத் துணி போட்டு மூடினார். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். தப்பிச் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பிறகு பெடலின் பிளேயைச் சரி செய்தார்.

கிண்ணத்தில் இருந்த பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, புதிதாக உடைத்த புட்டியிலிருந்து ஊற்றினார். காலிப்பரின் மேல்பக்கம் ஒரு சின்ன நிப்பிள். அதில் ரிங் ஸ்பேனரை மாட்டி, மேலே உள்ளே தெரிகிற டியூப் ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய கண்ணாடிப் புட்டிக்குள் முக்கி வைத்தார். "மெதுவா நாலு தடவ மிதிச்சுட்டு, அப்படியே அமுக்கிப் புடி" என்றார் பேரனிடம். அவன் பிடித்ததும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தார். கறுப்பு ஆயிலும் குமிழிகளும் டியூபில் ஓடின. பெடல் அடிவரைக்கும் இறங்கியது. நிப்பிளை மூடிய பிறகுதான் "இப்ப கால எடு" என்றார். மூடும் முன் காலை எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். முழு வேலையின் சூட்சுமமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது: அமுக்கு, திற, மூடு, விடு.

இப்படி இருபது முப்பது தடவை. நடுவில் நாலைந்து தடவைக்கு ஒரு முறை கிண்ணத்தைப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணம் காலியானால் அந்த வழியாகக் காற்று புகுந்துவிடும். அதுவரை செய்ததெல்லாம் வீண். ஏ.பி.எஸ். வண்டியில் அந்தக் காற்று ஏ.பி.எஸ். பெட்டிக்குள் போய்ச் சிக்கினால் கம்பெனியின் கம்ப்யூட்டரை மாட்டி எடுக்க வேண்டி வரலாம். ஆகவே பின் பிரேக்கின் சின்னக் கிண்ணத்துக்கு ஒரு கண் தனியாக வேண்டும். டியூபில் தேன் நிறம் வந்து, குமிழி நின்று, பெடல் கல் மாதிரி ஆன பிறகு நிப்பிளை இறுக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்தார். முதலில் தெருவுக்குள்ளேயே நடக்கிற வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

இந்த வேலைக்கு மூன்று பாஷையில் மூன்று பெயர். ஆங்கிலக்காரர்கள் 'பிளீடிங்' என்கிறார்கள், ரத்தம் எடுப்பது போல. நம் மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது' என்கிறார்கள். பிரெஞ்சில் 'ப்யுர்ழே'. பேதிக்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான். லீவு நாளில் காலையில் விளக்கெண்ணெய் கொடுத்து உட்கார வைத்த தலைமுறை நாம். அந்தச் சொல்லின் பொருள் நமக்கு விளங்கும். மூன்றில் இதுவே சரியான பெயர் என்பேன். காற்றை மட்டும் எடுத்தால் பெடல் இறுகிவிடும், ஆள் திருப்தியாகப் போய்விடுவார். ஈரம் குடித்த பழைய ஆயில் உள்ளேயே இருக்கும். வயிறு முழுக்கச் சுத்தமாவது போல, பழையது அத்தனையும் வெளியேற வேண்டும்.

"முன் பிரேக் நன்றாக இருந்தால் போதாதா?" என்று கேட்டார் ஒரு நண்பர். பேரன் அன்று இறங்கி வந்தது முன் பிரேக்கால்தான், மறுக்கவில்லை. ஈர மண்ணில், சரளையில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அது ஒன்றையே நம்ப முடியாது. நம் வயதுக்காரர்களின் பழக்கத்தையும் பாருங்கள். ராஜ்தூத் காலத்திலிருந்து நமக்குக் கால் பிரேக்தான் பிரேக். பயந்தால் முதலில் கால்தான் அமுங்கும். வேறு சிலர், செலவு என்கிறார்கள். ஒரு சின்னப் புட்டி ஆயிலும் முக்கால் மணி நேரக் கூலியும். ஒரு ஹெட்லைட் ஸ்டிக்கருக்குப் பையன்கள் இதைவிட யோசிக்காமல் செலவு செய்கிறார்கள். பெரிய புட்டியாக வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திறந்த புட்டி அலமாரியில் இருந்தபடியே ஈரம் குடிக்கும்.

இன்னொரு ஆட்சேபம்: வண்டி ஓட்டுவது பேரன், தாத்தாவுக்கு ஏன் இந்த வேலை? நான் சொல்வேன், இது தாத்தாக்களுக்கு என்றே ஏற்பட்ட வேலை. நமக்கு நேரம் இருக்கிறது. மெக்கானிக் கடை ஸ்டூலில் முக்கால் மணி நேரம் உட்கார நமக்கு அலுக்காது. தேதி எழுதி வைக்கும் பழக்கமும் நம்மிடம்தான் மிச்சம் இருக்கிறது. மின்சாரக் கட்டணத்துக்கும் மாத்திரைக்கும் நோட்டு வைத்திருக்கிறோம். அதில் ஒரு பக்கத்தை வண்டிக்கு ஒதுக்கினால் போதும்.

நாளைக் காலையில் செய்யக்கூடியது இது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுப் பின் பிரேக்கை மிதியுங்கள். கல் மாதிரி நின்றால் நல்லது. பஞ்சு மாதிரி இருந்து, திரும்பத் திரும்ப மிதித்ததும் இறுகினால் காற்று இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ சீல் போய்விட்டது. வண்டியை எடுக்கவே வேண்டாம். கிண்ணத்தில் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றிவிடாதீர்கள். பேடு தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், முதலில் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தையும் பாருங்கள். டிகாக்ஷன் நிறம் என்றால் தாமதிக்க வேண்டாம். தேன் நிறமாகவே இருந்தாலும் இரண்டு வருடக் கணக்கை விடாதீர்கள். ஈரம் நிறத்தில் தெரியாது.

என் நோட்டில் பேரனின் வண்டிக்கு அடுத்த தேதி குறித்தாகிவிட்டது. உங்கள் வீட்டு வண்டிக்கும் ஒன்று குறித்து வையுங்கள்.